பப்புகள் திறந்தபோது எந்தப் பங்கு: 2021 ஏப்ரலில் போட்ட கணக்கு

2021 ஏப்ரல் 12, திங்கட்கிழமை காலை தெற்கு லண்டனில் பனி பெய்தது. கொரோனா கட்டுப்பாட்டால் கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே பூட்டிக் கிடந்த லண்டன் பப்புகள் (மதுவிடுதிகள்), வாடிக்கையாளரைத் திறந்தவெளியில் மட்டுமே அமர்த்தலாம் என்ற நிபந்தனையோடு மீண்டும் திறந்த நாள் அது. எங்கள் தெருமுனைப் பப்பின் பின்முற்றத்தில் மரப் பெஞ்சுகளின் மேல் படிந்திருந்த பனியை ஒரு பெண் ஊழியர் பழைய துண்டால் வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நண்பகலுக்குள் கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே பியர் குவளையைப் பிடித்தபடி ஏழெட்டுப் பேர் அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். எரிவாயு வெப்பமூட்டிகள் இரண்டும் அவர்கள் தலைக்கு மேலே சிவந்து எரிந்தன.

அன்று மாலை என் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். அவரிடம் 10,000 பவுண்டு சேமிப்பு இருந்தது. "எல்லாம் திறக்கப்போறாங்க மச்சான், இப்ப வாங்காம எப்ப வாங்குறது?" என்பதே அவர் கேள்வி. அவர் வாங்க நினைத்தது பப் நிறுவனங்களின் பங்குகளை. அந்தக் கேள்விக்கு விடையாக அடுத்த இரண்டு வாரங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. பின்னால் நடந்தவற்றை இப்போது அறிந்திருந்தாலும், அன்று கையில் இருந்த தகவலை வைத்து எந்தத் தெரிவு நியாயமானது என்பதையே முதலில் எழுதுகிறேன்.

மைத்துனரின் கேள்வியில் ஒரு பிசகு இருந்தது. பப்புகள் திறக்கப்போகின்றன என்பது யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. ஏப்ரல் 12 முதல் வெளியில், மே 17 முதல் உள்ளே மேசைக்குப் பரிமாறும் முறையில், எல்லாம் சரியாக நடந்தால் ஜூன் 21 முதல் கட்டுப்பாடின்றி என்று அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் பிப்ரவரி 22 அன்றே நாடாளுமன்றத்தில் தேதி வாரியாக அறிவித்துவிட்டார். அதற்கும் முன்னால், 2020 நவம்பர் 9 அன்று ஃபைசர் தடுப்பூசியின் சோதனை முடிவு வெளியான காலையிலேயே விமான நிறுவனங்களோடும் திரையரங்குகளோடும் சேர்ந்து பப் பங்குகளும் துள்ளி ஏறியிருந்தன. ஆகவே 2021 ஏப்ரலில் ஒருவர் கொடுத்த விலையில் திறப்பு ஏற்கனவே அடங்கியிருந்தது. அந்த விலைக்கு மேல் என்ன கிடைக்கும் என்பதற்கான விடை, நிறுவனங்களின் கடன் பட்டியலிலும் பங்கு எண்ணிக்கையிலும் கட்டட உரிமையிலும்தான் இருந்தது.

பட்டியலே முதலில் சுருங்கிப்போயிருந்தது. மைத்துனர் மனதில் இருந்த பெயர் கிரீன் கிங். ஊருக்கு நான்கு பலகைகள் தென்படும் அந்த நிறுவனத்தை ஹாங்காங்கின் சி.கே. அசெட் 2019-ல் வாங்கி லண்டன் சந்தையிலிருந்து எடுத்துச் சென்றுவிட்டது. ஆயிரக்கணக்கான குத்தகைப் பப்புகளை வைத்திருந்த ஈ.ஐ. குழுமத்தை, சந்தையில் பட்டியலிடப்படாத பப் நிறுவனமான ஸ்டோன்கேட் வாங்கி முடித்தது 2020 மார்ச்சில், அதாவது பப்புகள் மூடப்பட்ட அதே மாதத்தில். சந்தையில் மீதமிருந்த பெரிய பெயர்கள் வெதர்ஸ்பூன், மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ், மார்ஸ்டன்ஸ், ஃபுல்லர்ஸ், யங்ஸ் ஆகியவை. சிறியவற்றில் கென்ட் மாவட்டத்தின் ஷெப்பர்ட் நீம் போன்ற சில இருந்தன.

ஒரு பப்பின் வருமானம் எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இவற்றை ஒப்பிட முடியாது. நாங்கள் ஒரு தாளில் கற்பனையாக ஒரு பப்பை எழுதிக்கொண்டோம். வாரத்திற்கு 20,000 பவுண்டு விற்பனை, அதில் பியர், மது, உணவுப் பொருட்களின் கொள்முதல் 6,000, சம்பளம் 6,500, வாடகை, மின்சாரம், எரிவாயு, காப்பீடு, உள்ளாட்சி வரி முதலியன 5,500, மிஞ்சுவது 2,000. இப்போது விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 16,000 ஆகிறது என்று வையுங்கள். கொள்முதல் 4,800 ஆகக் குறையும். சம்பளம் அதே விகிதத்தில் குறையாது, ஏனெனில் வாடிக்கையாளர் எழுந்து வந்து கல்லாவில் வாங்கிச் செல்லாமல் ஊழியர் ஒவ்வொரு மேசைக்கும் நடக்க வேண்டும். அதனால் 5,900 என்று போட்டோம். மற்ற செலவு 5,500 அப்படியே நிற்கும். மொத்தச் செலவு 16,200, ஆக 200 பவுண்டு நட்டம். விற்பனையில் ஐந்தில் ஒன்று போனதற்கு இலாபம் முழுவதும் போய்விட்டது. அதே பப்பின் 5,500-ல் வாடகை 1,500 என்றால், கட்டடம் சொந்தமாக இருக்கும் நிறுவனத்துக்கு அதே மோசமான வாரத்திலும் 1,300 பவுண்டு மிஞ்சும். கட்டடத்தைக் கடன் வாங்கி வாங்கியிருந்தால் வாடகைக்குப் பதில் வட்டி வந்து உட்காரும் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொண்டோம். சொந்தக் கட்டடம் என்ற சொல்லை மட்டும் கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

திறந்தவெளி மட்டும் என்ற ஐந்து வாரங்களைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் பப்புகளில் ஏறத்தாழ 40 சதவீதத்திற்கு மட்டுமே அதற்கு வாய்ப்பான இடம் இருப்பதாக அந்தத் தொழிலின் அமைப்புகளே மதிப்பிட்டிருந்தன. அந்த ஐந்து வாரங்களை முதலீட்டாளர் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. பத்து ஆண்டு வருமானத்தை விலை கொடுத்து வாங்குபவர் ஒரு மாத மழையைப் பற்றிக் கவலைப்படுவது பொருந்தாது.

முதல் தெரிவு வெதர்ஸ்பூன். 1979-ல் டிம் மார்ட்டின் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கு 2021-ல் இருந்த ஏறத்தாழ 870 பப்புகளும் நிறுவனமே நேரடியாக நடத்தியவை. பழைய திரையரங்கு, பழைய வங்கி, பழைய தபால் நிலையம் போன்ற பெரிய கட்டடங்களில் மலிவு விலைக்கு ஏராளமாக விற்பதே அதன் வழி. 2010-ஐ ஒட்டிய காலத்தில் பாதிக்கும் குறைவான பப்புகளே சொந்தக் கட்டடத்தில் இருந்தன; 2021-ல் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியிருந்தது. நிர்வாகத்தின் தலைவரே ஏறத்தாழ கால் பங்கு உரிமையை வைத்திருப்பதால், பங்குதாரரின் வலி அவருக்கும் வலிக்கும். இவ்வளவும் சாதகம்.

பாதகம் பங்கு எண்ணிக்கையில் இருந்தது. இதை மைத்துனருக்கு விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. "கொரோனாவுக்கு முன்னால 16 பவுண்டு, இப்ப அதுக்குக் கீழ கிடைக்குது, அப்ப மலிவுதானே?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். 2020 தொடக்கத்தில் நிறுவனத்தில் இருந்தவை சுமார் 10.5 கோடி பங்குகள். ஒரு பங்கு 16 பவுண்டு என்றால் சந்தை மதிப்பு 168 கோடி பவுண்டு. பப்புகள் மூடியதும் 2020 வசந்தத்தில் ஒரு பங்கு 9 பவுண்டு என்ற விலையில் புதிய பங்குகளை விற்று 14.1 கோடி பவுண்டும், 2021 ஜனவரியில் 11.20 பவுண்டு விலையில் இன்னும் 9.37 கோடி பவுண்டும் நிறுவனம் திரட்டியது. எண்ணிக்கை சுமார் 12.9 கோடியாக உயர்ந்தது. பழைய 168 கோடி பவுண்டை 12.9 கோடியால் வகுத்தால் வருவது 13 பவுண்டு. அதாவது, பங்கு விலை 13 பவுண்டைத் தொட்டவுடனேயே, நிறுவனம் முழுவதற்கும் சந்தை கொடுக்கும் விலை பெருந்தொற்றுக்கு முந்தைய இடத்திற்குத் திரும்பிவிட்டது என்று பொருள். திரட்டிய அந்தப் பணத்தில் பெரும்பகுதி புதிய பப்புகளைக் கட்டவும் போகவில்லை. பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் வாடகையாகவும் வட்டியாகவும் சம்பளமாகவும் கரைந்துகொண்டிருந்தது. பின்னர் வெளியான கணக்கின்படி, 2021 ஜூலையில் முடிந்த நிதியாண்டில் சிறப்புச் செலவுகளைச் சேர்க்காமலே வரிக்கு முந்தைய நட்டம் 15.47 கோடி பவுண்டு. குத்தகைப் பொறுப்புகளைச் சேர்க்காத நிகரக் கடன் 84.5 கோடி பவுண்டு. பழைய விலையை மட்டும் பார்த்து மலிவு என்று சொல்பவர், உடைந்த பாத்திரத்தில் எவ்வளவு நெய் மிச்சம் என்று பார்க்காமல் பாத்திரத்தின் அளவை மட்டும் பார்க்கிறார்.

இதற்குள் இன்னொரு ஐயமும் எனக்கு இருந்தது. வெதர்ஸ்பூனின் பகல்நேர வாடிக்கையாளர்களில் ஓய்வுபெற்றவர்கள் கணிசமானவர்கள். தொற்றுக்கு அதிகம் அஞ்சியவர்களும் அவர்களே. இளைஞர்கள் முதல் நாளே திரும்புவார்கள், முதியவர்கள் மெல்லத்தான் திரும்புவார்கள் என்று ஊகிக்க முதலீட்டு அறிவு எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்தாலே போதும். பின்னாளில் நிறுவனமே இதை ஒரு காரணமாகச் சொன்னது.

மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ் வேறு வகை. ஹார்வெஸ்டர், டோபி கார்வரி, மில்லர் அண்ட் கார்ட்டர், ஆல் பார் ஒன் என்று பல பெயர்களில் ஏறத்தாழ 1,700 பப்புகளையும் உணவகங்களையும் நடத்தும் இந்த நிறுவனத்திற்கு, பெரும்பாலான கட்டடங்கள் சொந்தம். உணவு விற்பனையின் பங்கு அதிகம் என்பதால், உணவுக்கும் மது அல்லாத பானத்திற்கும் மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்ட சலுகை இதற்கு மிக உதவியது. ஆனால் அந்தச் சொந்தக் கட்டடங்கள் பிணையாக நிற்கும் கடன் பத்திரங்களுக்கு, வட்டியும் அசலும் சேர்த்து ஒவ்வொரு காலாண்டும் ஏறத்தாழ 5 கோடி பவுண்டு கட்ட வேண்டும். பப் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அந்தத் தவணை வரும். இடையில் கடன் கொடுத்தவர்களிடம் நிபந்தனைத் தளர்வு கேட்டுப் பெறவும் வேண்டியிருந்தது. அசல் ஆண்டுதோறும் அடைபடுகிறது என்பது நீண்ட கால நோக்கில் நல்ல செய்தி. ஆனால் அதனாலேயே பெருந்தொற்றுக்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே இந்த நிறுவனம் ஈவுத்தொகை (இலாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகை) தரவில்லை.

2021 தொடக்கத்தில் அது 35.1 கோடி பவுண்டு திரட்டியது. 18 பங்கு வைத்திருப்பவர் 2.10 பவுண்டு விலையில் 7 புதிய பங்குகள் வாங்கலாம் என்ற ஏற்பாடு. 180 பங்கு வைத்திருந்த ஒரு சிறு முதலீட்டாளரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம்: 147 பவுண்டு கொடுத்து 70 பங்கு வாங்காவிட்டால், நிறுவனத்தில் அவர் பங்கு ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கும் மேல் சுருங்கிவிடும். இத்தகைய வெளியீட்டில் வாங்கும் உரிமையைச் சந்தையில் தனியாக விற்றுக் காசாக்கவும் இயலாது. ஜோ லூயிஸ், ஜான் மேக்னியர், ஜே.பி. மக்மேனஸ் முதலிய செல்வந்தர்களின் நிறுவனங்கள் ஒடிசியன் என்ற ஒரே அமைப்பாக இணைந்து, ஏறத்தாழ 55 சதவீத உரிமையோடு இந்த வெளியீட்டின் பின்னால் நின்றன. பெரும்பான்மை ஒரே கையில் இருக்கும் நிறுவனத்தில் சிறு முதலீட்டாளர் பயணி மட்டுமே. வண்டி எங்கே போகும், எப்போது ஈவுத்தொகை என்ற நிலையத்தில் நிற்கும் என்பதை அவர் முடிவு செய்ய முடியாது. ஓட்டுநர்கள் திறமைசாலிகள் என்று நம்புகிறவருக்கு இது குறை அல்ல. மைத்துனர் அந்த ரகம் இல்லை.

மார்ஸ்டன்ஸ் பெருந்தொற்றுக் காலத்தில் புதிய பங்குகளை வெளியிடவில்லை. இந்த ஒரு வரியைப் படித்ததும் அவர் கண்கள் விரிந்தன. ஆனால் அது வேறொன்றைக் கொடுத்திருந்தது: 2020 அக்டோபர் இறுதியில் தன் பியர் தயாரிப்பை முழுவதும் டென்மார்க்கின் பியர் நிறுவனமான கார்ல்ஸ்பெர்க்கோடு கூட்டு நிறுவனமாக்கி, 60 சதவீதத்தை விட்டுக்கொடுத்து, 40 சதவீதத்தையும் 27.3 கோடி பவுண்டு வரையான தொகையையும் பெற்றுக்கொண்டது. பங்கு எண்ணிக்கை பெருகவில்லை; சொத்து குறைந்தது. ஒவ்வொரு பங்கின் பின்னாலும் நிற்கும் பொருளைப் பார்த்தால் இரண்டும் உறவுக்காரர்கள்தான். அதற்குப் பிறகும் கடன் 100 கோடி பவுண்டைத் தாண்டி நின்றது; சந்தை மதிப்பைவிடக் கடன் பெரிதாக இருக்கும் நிறுவனத்தில், பங்குதாரர் கையில் இருப்பது கட்டடத்தின் மேல்மாடி மட்டுமே. கட்டடங்களின் மதிப்பு 10 சதவீதம் ஏறினால் அவருக்கு 20, 25 சதவீதம் கிடைக்கலாம். இறங்கினாலும் அதே வேகம்.

இந்தப் பங்கை வாங்க ஒரு வெளிக் காரணமும் இருந்தது. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் பிளாட்டினம் ஈக்விட்டி என்ற முதலீட்டு நிறுவனம் மார்ஸ்டன்ஸை முழுவதும் வாங்க, ஒரு பங்குக்கு 1.05 பவுண்டு, மொத்தம் 69.3 கோடி பவுண்டு என்று கேட்டது. இயக்குநர் குழு அது குறைந்த விலை என்று மறுத்தது. கேட்டவர்களும் பின்னர் விலகினார்கள். "ஒருத்தன் கேட்டுட்டான்னா இன்னொருத்தன் வருவான்" என்று மைத்துனர் வாதிட்டார். வரலாம். ஆனால் வருவார் என்ற நம்பிக்கையில் வாங்குவது முதலீடு என்ற பெயரில் காத்திருப்பு, அதுவும் அடமானக் கடனோடு சேர்ந்த காத்திருப்பு.

ஃபுல்லர்ஸ், யங்ஸ் இரண்டும் லண்டனைச் சேர்ந்த பழைய குடும்ப நிறுவனங்கள். இரண்டுமே பியர் காய்ச்சுவதை விட்டுவிட்டவை. வாண்ட்ஸ்வொர்த்தில் இருந்த யங்ஸின் ஆலை 2006-ல் மூடப்பட்டது. ஃபுல்லர்ஸ் 2019-ல் தன் பியர் தொழிலை ஜப்பானின் பியர் நிறுவனமான அசாஹிக்கு 25 கோடி பவுண்டுக்கு விற்றது. ஃபுல்லர்ஸின் பப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சொந்தக் கட்டடங்கள், லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும். பியர் விற்ற பணத்தில் ஏறத்தாழ 6.9 கோடி பவுண்டைப் பெருந்தொற்றுக்குச் சற்று முன்னால் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 2021 ஏப்ரலில் 8.30 பவுண்டு விலையில் புதிய பங்கு விற்று 5.36 கோடி பவுண்டை அதே சந்தையிடமிருந்து திரும்பக் கேட்டது அந்த நிறுவனம். இதை நிர்வாகத்தின் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 2020 ஜனவரியில் யாருக்கு என்ன தெரியும்? ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தபோது இருவருக்கும் சிரிப்பு வந்தது.

யங்ஸ் இதை முன்கூட்டியே, 2020 கோடையிலேயே, ஏறத்தாழ 8.8 கோடி பவுண்டு திரட்டி முடித்திருந்தது. அதன் பப்புகள் பல தேம்ஸ் கரையிலும் தோட்டத்தோடும் தென்மேற்கு லண்டனின் குடியிருப்புப் பகுதிகளில் இருப்பவை. வீட்டிலிருந்து வேலை செய்வது தொடர்ந்தால், மாலை ஐந்தரைக்கு நிதி மையமான சிட்டியின் அலுவலகத்திலிருந்து இறங்கி வரும் கூட்டத்தை நம்பியிருக்கும் பப்பைவிட, ரிச்மண்ட் பக்கம் ஞாயிறு மதிய உணவுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களை நம்பியிருக்கும் பப்புக்கு வாய்ப்பு அதிகம். ஃபுல்லர்ஸின் பலவீனம் இங்கேதான்: மத்திய லண்டன், ரயில் நிலையங்கள், சுற்றுலாப் பயணிகள். ஆனால் அதே பலவீனம்தான் விலையிலும் பிரதிபலித்தது. நகரம் மீளும் என்று நம்புகிறவருக்கு ஃபுல்லர்ஸ். நகரம் எப்படிப் போனாலும் சரி என்பவருக்கு யங்ஸ். யங்ஸின் பங்கு அப்போது எய்ம் என்ற துணைச் சந்தையில் இருந்ததால், வாங்கும்போது 0.5 சதவீத முத்திரை வரி இல்லை. 10,000 பவுண்டுக்கு 50 பவுண்டு மிச்சம். சிறிய தொகைதான், ஆனால் யாரும் சும்மா தருவதில்லை. மறுபக்கம், எய்ம் பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி பெரிதாக இருந்து அந்த மிச்சத்தைத் தின்றுவிடவும் கூடும்.

ஷெப்பர்ட் நீமை விரைவாகக் கடந்தோம். ஃபேவர்ஷாமில் இருக்கும் இந்த நிறுவனம் பியரும் காய்ச்சி, அப்போது முந்நூறுக்கு மேற்பட்ட பப்புகளையும் வைத்திருந்தது. பெரும்பாலானவை குத்தகைதாரர் நடத்தியவை. இங்கே ஒரு விசித்திரம்: கிராமப் பப்பை நடத்தும் குத்தகைதாரருக்கு 2020-ல் 25,000 பவுண்டு வரை, 2021 ஏப்ரலில் 18,000 பவுண்டு வரை அரசு உதவித்தொகை கிடைத்தது, நூற்றுக்கணக்கான பப்புகளை நேரடியாக நடத்தும் பெரிய நிறுவனத்துக்கோ உதவியின் உச்சவரம்பு அதன் எல்லாப் பப்புகளுக்கும் சேர்த்தே கணக்கிடப்பட்டதால், ஒரு பப்புக்கு வந்தது மிகச் சொற்பம். எனவே குத்தகை முறையில் சிறு நடத்துநர் பிழைத்தார். அவர் பிழைத்தால்தான் உரிமையாளருக்கு வாடகையும் பியர் விற்பனையும் மிஞ்சும். முறை நல்லதுதான். ஆனால் அந்தப் பங்கு விற்கப்பட்ட அக்விஸ் சந்தையில் நாள்தோறும் கைமாறும் எண்ணிக்கை மிகக் குறைவு. அவசரத்துக்கு விற்க வேண்டிய தேவை வரக்கூடியவருக்கு அது ஏற்றதல்ல.

ஹைனெகன் போன்ற பெரிய பியர் நிறுவனத்தை வாங்கினால் என்ன என்றும் அவர் கேட்டார். அதனிடம் பிரிட்டனில் சுமார் 2,500 பப்புகள் இருந்தாலும், உலகமெங்கும் பியர் விற்கும் அந்தக் கடலில் அவை ஒரு துளி. பப் திறப்பை வாங்க நினைப்பவர் அங்கே வாங்குவது வேறொரு பொருளை.

கடைசித் தெரிவு காத்திருப்பது. இதை ஒரு தெரிவாகவே எண்ணாதவர்கள் பலர். எனக்கோ அது மிகவும் கனமான தெரிவாகத் தோன்றியதற்குக் காரணம், அரசின் சலுகைகள் முடியும் நாட்காட்டி. பப்புகள் திறக்கும் தேதிகளைச் செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் போட்டன; சலுகைகள் முடியும் தேதிகள் உள்பக்கங்களில் கிடந்தன. இங்கிலாந்தில் உள்ளாட்சி வரியின் முழு விலக்கு 2021 ஜூன் இறுதியோடு முடிந்து, அதன்பின் 66 சதவீதத் தள்ளுபடி, அதுவும் பெரிய நிறுவனங்களுக்கு உச்சவரம்போடு. ஊழியர் சம்பளத்தில் 80 சதவீதத்தை மாதம் 2,500 பவுண்டு வரை அரசே கொடுத்த ஃபர்லோ திட்டம் செப்டம்பர் 30-ல் முடிவு. மதிப்புக் கூட்டு வரி அக்டோபர் முதல் 12.5 சதவீதம், 2022 ஏப்ரலில் மீண்டும் 20 சதவீதம். வாடகை பாக்கிக்காகக் கட்டட உரிமையாளர் வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பும் நிலையானதல்ல. ஆக, வாடிக்கையாளர் திரும்பி வரும் ஒவ்வொரு மாதமும் ஒரு ஊன்றுகோல் எடுக்கப்பட்டுக்கொண்டே போகும். 2021 கோடையின் அரையாண்டுக் கணக்கு அழகாக இருக்கும்; அதே பப், அதே விற்பனை, 2022 கோடையில் எவ்வளவு இலாபம் காட்டும் என்பதுதான் விலை கொடுக்க வேண்டிய எண். அந்த எண்ணை ஏப்ரலில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே, பணத்தின் ஒரு பகுதியைக் கையில் வைத்திருப்பதற்குப் போதுமான காரணம்.

இத்தனைக்கும் பிறகு நான் சொன்ன வரிசை இது. சொந்தக் கட்டடம் அதிகம், கடன் குறைவு என்ற அளவில் ஃபுல்லர்ஸும் யங்ஸும் முதலில். நல்ல தொழில், ஆனால் முழு விலை கேட்கப்படுகிறது என்ற அளவில் வெதர்ஸ்பூன் அடுத்து. கடனின் நெம்புகோலை விரும்புகிறவருக்கு மட்டும் மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ். மார்ஸ்டன்ஸ் கடைசி. எதை வாங்கினாலும் பாதிக்கு மேல் இப்போது போட வேண்டாம் என்றேன். அவர் ஏப்ரல் இறுதியில் சுமார் 8.50 பவுண்டு விலையில் 4,000 பவுண்டுக்கு ஃபுல்லர்ஸ் வாங்கினார். அது 470 பங்கு. யங்ஸின் ஒரு பங்கு விலை இரட்டை இலக்கத்தில் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அது காரணமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்; பலனில்லை.

நடந்தது என்ன? முழுத் திறப்பு ஜூன் 21-லிருந்து ஜூலை 19-க்குத் தள்ளிப்போனது. டிசம்பரில் ஓமிக்ரான் என்ற புதிய கொரோனா திரிபு வந்து, வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று அரசு சொன்னதும், மத்திய லண்டனின் கிறிஸ்துமஸ் விருந்துகள் கொத்துக் கொத்தாக ரத்தாயின. ஃபுல்லர்ஸ் நவம்பரில் ஈவுத்தொகையை மீண்டும் தொடங்கிவிட்டது என்ற ஆறுதல் மட்டும் இருந்தது. வெதர்ஸ்பூன் அதைச் செய்ய 2024 வரை ஆயிற்று. யங்ஸ் 2021 கோடையில் குத்தகைக்கு விட்டிருந்த 56 பப்புகளை பஞ்ச் என்ற பப் நிறுவனத்துக்கு 5.3 கோடி பவுண்டுக்கு விற்றது, ஒரு பப்புக்குச் சராசரியாக 9.5 லட்சம் பவுண்டு. சாதாரணக் குத்தகைப் பப்புக்கே இந்த விலை கிடைக்கிறது என்றால் கட்டட மதிப்புகள் வெறும் காகிதக் கணக்கல்ல என்று அப்போது நிம்மதியாக இருந்தது.

பிறகு 2022 வந்தது. உக்ரைன் போருக்குப் பின் எரிவாயு, மின்சார விலைகள் ஏறின. உணவுப் பொருள் விலையும் குறைந்தபட்ச ஊதியமும் ஏறின. நாங்கள் தாளில் எழுதிய 5,500 பவுண்டு "மற்ற செலவு" நிலையானது என்று நினைத்ததுதான் எங்கள் கணக்கின் பெரிய ஓட்டை. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் வெதர்ஸ்பூன் 5 பவுண்டுக்குக் கீழே. மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ் தன் வெளியீட்டு விலையான 2.10-ஐ விட்டு 1.30-க்குக் கீழே; மார்ஸ்டன்ஸ், 1.05 பவுண்டு போதாது என்று மறுக்கப்பட்ட அதே பங்கு, 0.40 பவுண்டை ஒட்டி. ஃபுல்லர்ஸும் 5 பவுண்டுக்குக் கீழே வந்துவிட்டது. சொந்தக் கட்டடம் அதை வீழ்ச்சியிலிருந்து காப்பாற்றவில்லை. வீழ்ச்சியின் நடுவில் மீண்டும் பணம் கேட்டு வர வேண்டிய அவமானத்திலிருந்து மட்டும் காப்பாற்றியது. கடன் அதிகமுள்ள இரண்டு நிறுவனங்களைப் பற்றி நான் பயந்தது முழுவதும் சரியாகவும் இல்லை: அவர்களின் நீண்ட காலக் கடனுக்குப் பெரும்பாலும் வட்டி முன்பே நிர்ணயிக்கப்பட்டிருந்ததால், பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி 0.1-லிருந்து 5.25 சதவீதம் வரை ஏறியபோது அடி நேரடியாக விழவில்லை. மார்ஸ்டன்ஸ் 2024-ல் மீதமிருந்த 40 சதவீத பியர் பங்கையும் கார்ல்ஸ்பெர்க்குக்கே 20.6 கோடி பவுண்டுக்கு விற்றுக் கடனைக் குறைத்தது.

மைத்துனர் 2022 அக்டோபரில் 4.80 பவுண்டு விலையில் இன்னும் 3,000 பவுண்டுக்கு ஃபுல்லர்ஸ் வாங்கினார்; 625 பங்கு. இரண்டையும் சேர்த்தால் 1,095 பங்குக்கு 7,000 பவுண்டு, சராசரி விலை 6.40. மீதி 3,000 பவுண்டைப் பங்கில் போட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அது வீட்டின் பின்பக்கக் கூரைக்குப் போனது.